அரங்குக்கு வெளியே திரளும் கூட்டம்

மேடையில் நிற்கும் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு அரசியல் பேசத் தொடங்குகிறார். முதலில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மூலையில் கூச்சல் கிளம்புகிறது. கொஞ்ச நேரத்தில் பாதி அரங்கம் அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. ராக் இசையின் வரலாற்றில் இப்படிப்பட்ட இரவுகள் ஏராளம். சிங்கப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், பல ஆண்டுகளாக இசை கேட்பவர்கள்கூட யோசிக்கத்தான் செய்வார்கள்.

இங்கே பாடகர்கள் எதிர்ப்பே காட்டுவதில்லை என்றோ, மக்களுக்குக் கோபமே வருவதில்லை என்றோ நினைத்துவிடக் கூடாது. இரண்டும் நிறைய உண்டு. ஆனால் அவை ஒரே கூரையின் கீழ் சந்தித்ததில்லை. காசு கொடுத்து உள்ளே வந்தவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். நிகழ்ச்சியைப் பார்க்காதவர் மறுநாள் காவல்துறையிடம் புகார் கொடுக்கிறார். பாடகரின் விதி இந்த இரண்டாவது கூட்டத்தின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டம் எப்படி உருவாகிறது, அதன் கோபத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில் உள்ளே இருக்கும் கூட்டம். 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் போப்பின் படத்தைக் கிழித்தார். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் குழந்தைகள் சீரழிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டவே அதைச் செய்தார். இரண்டு வாரம் கழித்து, 16ஆம் தேதி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் பாப் டிலனின் 30 ஆண்டு இசை வாழ்வைக் கொண்டாடும் விழா. ஓ'கானர் மேடையேறியதும் கூச்சல் எழுந்தது. கூடவே கைதட்டலும் எழுந்தது. இரண்டும் அடங்கவில்லை. பாட வேண்டிய டிலன் பாட்டை விட்டுவிட்டு, இசைக்கருவி எதுவும் இல்லாமல் பாப் மார்லியின் பாடலொன்றைக் குரலை உயர்த்திப் பாடி முடித்து இறங்கினார். சக பாடகர் கிரிஸ் கிறிஸ்டோபர்சன் அவரை அணைத்துக்கொண்டார். டிலனின் எதிர்ப்புப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த கூட்டம்தான் அன்று ஓர் எதிர்ப்புக் குரலைப் பாட விடாமல் செய்தது. திருச்சபை மறைத்தவை பிற்பாடு நாடு நாடாக வெளிவந்தபோது அந்தக் கூச்சலை நினைத்துப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெர்ல் ஜாம் குழுவின் 2003 சுற்றுப்பயணம். ஈராக் போர் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத ஏப்ரல் 1 அன்று, டென்வரில் குழுவின் பாடகர் எடி வெட்டர் அதிபர் புஷ்ஷின் முகமூடியோடு வந்து, அதைக் கழற்றி மைக் கம்பத்தில் மாட்டினார். சிலர் எழுந்து போனார்கள். அதே மாதம் 30ஆம் தேதி நியூயார்க்கை அடுத்த யூனியன்டேலில் எதிர்ப்பு இன்னும் கடுமையாக இருந்தது. கூட்டம் ஊளையிட்டது, நாட்டின் பெயரைச் சொல்லி முழக்கமிட்டது. வெட்டர் மேடையை விட்டு ஓடவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. எதற்குக் கத்துகிறீர்கள் என்று அவர்களோடு வாதம் செய்தார். கேள்வி கேட்பதும் நாட்டுப்பற்றுதான் என்கிற தோரணையில் பேசிவிட்டு, தி கிளாஷ் குழுவின் 'நோ யுவர் ரைட்ஸ்' பாடலைத் தொடங்கினார். அன்றைய ஒலிப்பதிவைக் குழுவே விற்பனைக்கு விட்டது. ஊளையும் வாதமும் அதில் அப்படியே இருக்கின்றன. அந்த இரவில் யாரும் யாரையும் வாயடைக்கவில்லை. கத்தியவர்களில் பலர் கடைசிப் பாட்டு வரை இருந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியில் சண்டை போட்டிருக்கவும் வேண்டும். ஒரு குடியரசில் நடக்க வேண்டிய சண்டைதான் அது.

வெளிக்கூட்டம் சிங்கப்பூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதே 2003 மார்ச் 10 அன்று லண்டனில் டிக்ஸி சிக்ஸ் குழுவின் நட்டாலி மேன்ஸ், அமெரிக்க அதிபர் தங்கள் டெக்சஸ் மாநிலத்துக்காரர் என்பதற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். லண்டன் கூட்டம் ஆர்ப்பரித்தது. கோபம் எழுந்தது கடலுக்கு அப்பால், அந்த அரங்கில் கால் வைக்காதவர்களிடம். வானொலி நிலையங்கள் பாடல்களை நிறுத்தின. வட்டுகளைக் குவித்து வண்டி ஏற்றி நொறுக்கினார்கள். அரசு தலையிடவில்லை என்றாலும் அந்தக் குழுவின் வாழ்க்கை தடம் மாறிப்போனது. மறு ஆண்டு லாஸ் வேகாஸில் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் ஒரு பாட்டை, போரை எதிர்த்து ஆவணப்படம் எடுத்த மைக்கேல் மூருக்குக் காணிக்கையாக்கியதற்கே ரசிகர்கள் வெளியேறினார்கள். விளம்பரத் தட்டிகளைக் கிழித்தார்கள்.

நம் பகுதியில் எல்லாருக்கும் நினைவிருப்பது மலேசியாவில் நடந்தது. 2023 ஜூலை 21, சிப்பாங் கார்ப்பந்தயத் தளம், குட் வைப்ஸ் விழாவின் முதல் நாள். அதற்குச் சில நாள் முன்புதான் சிங்கப்பூரில் பாடிவிட்டுப் போன பிரிட்டிஷ் குழுவான தி 1975, மேடையில் நின்று மலேசியாவின் ஓரினச் சேர்க்கை எதிர்ப்புச் சட்டங்களைக் கடுமையான வசைச் சொற்களால் தாக்கியது. பாடகர் மேட்டி ஹீலி, குழுவின் பேஸ் கலைஞரான ஆணை மேடையிலேயே முத்தமிட்டார். நிகழ்ச்சி பாதியில் நின்றது. மறுநாள் அரசாங்கம் மூன்று நாள் விழாவையே ரத்து செய்துவிட்டது. தி ஸ்ட்ரோக்ஸ் உட்பட அடுத்தடுத்த நாட்களில் பாட வந்தவர்கள் பாடாமல் திரும்பினார்கள். உணவுக் கடை போட்டவர்கள் கொள்முதல் செய்த பொருளோடு நின்றார்கள். மேடைக்காகக் காத்திருந்த உள்ளூர்க் குழுக்கள் வாய்ப்பை இழந்தன.

இந்த நிகழ்வில் பலரும் எதிர்பாராதது ஒன்று உண்டு. ஹீலி யாருக்காகப் பேசினாரோ, அவர்களே அவர்மீது கோபப்பட்டார்கள். மலேசியாவில் ஓரினச் சேர்க்கைக்கு 20 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டம் இருக்கிறது. மூன்று வாரத்தில் ஆறு மாநிலங்களில் தேர்தல். நீ விமானம் ஏறிப் போய்விடுவாய், தேர்தல் மேடையில் அடி வாங்கப்போவது நாங்கள் என்று அவர்கள் கேட்டதில் என்னால் குறை காண முடியவில்லை. சட்டம் அநீதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அநீதியை எதிர்க்கும் குரலும் அதன் விலையைத் தான் கொடுக்கிறதா, பிறர் தலையில் வைக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. விழா அமைப்பாளர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். குழுவின் உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார்கள், அவர்களுடைய நிறுவனத்தின்மீது வழக்கைத் தொடரலாம் என்று 2025இல் நீதிபதி முடிவு சொன்னார்.

சிப்பாங் நிகழ்வுக்கு அடுத்த மாதமே ஜார்ஜியாவில் தி கில்லர்ஸ் குழு இதற்கு நேர்மாறான அனுபவத்தைப் பெற்றது. ரசிகர் ஒருவரை டிரம்ஸ் வாசிக்க மேடையேற்றிய பாடகர், அவர் ரஷ்யர் என்று சொல்லி, உங்கள் சகோதரர்தானே என்று கூட்டத்தைக் கேட்டார். 2008 போரில் ரஷ்யாவிடம் நிலம் இழந்த நாடு அது. கூட்டம் கொதித்தது, பலர் வெளியேறினார்கள், குழு மன்னிப்புக் கேட்டது. எதிர்ப்புக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அங்கில்லை, அன்பாகத்தான் கேட்டார். நிற்கும் மண்ணின் காயம் தெரியாமல் பேசினால் அன்பும் அங்கே அவமானமாகிவிடுகிறது.

இனி நம் ஊர். சிங்கப்பூரில் பொது மேடையில் பாட உரிமம் வேண்டும். 1958இல் வந்த பொதுக் கேளிக்கைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இசை, நாடக நிகழ்ச்சிகளுக்கு இப்போது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் உரிமம் வழங்குகிறது. வயதுத் தரமும் அதுவே விதிக்கிறது. இனம், மதம் இரண்டும் நெருப்பு என்பது அடிப்படை எண்ணம். இந்த அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் வழக்கையொட்டி மூண்ட கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள்; கன்னிமாடத்தில் அந்தப் பெண் இருந்த படங்களை நாளிதழ்கள் வெளியிட்டது ஆத்திரத்தைக் கூட்டியது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தை இளைஞர்கள் கேலி செய்யும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பயத்தின் நிழலில் வேறு பலவும் தடுக்கப்பட்டன. 1972இல் லெட் செப்பலின் குழு நீண்ட தலைமுடி காரணமாக உள்ளே நுழைய முடியாமல் திரும்பியது. முடிக்கும் கலவரத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்று யாராலும் விளக்க முடியாது. 1993இல் மடோனாவுக்கு அனுமதி இல்லை. 2016 பிப்ரவரி 28 அன்று அவரே தேசிய விளையாட்டரங்கில் பாடினார். 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும், மதச் சின்னங்களைத் தொடும் ஒரு பகுதியை நீக்கிவிட்டு. 23 ஆண்டுகளில் எல்லை நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது எந்தக் கிளர்ச்சியும் அல்ல. பார்வையாளர் தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்ற தர முறைதான்.

2019 மார்ச் 7 அந்த முறையே கைவிட்டுப்போன நாள். சுவீடனின் பிளாக் மெட்டல் குழுவான வாட்டைனுக்கு முதலில் உரிமம் கிடைத்திருந்தது. வயது வரம்பு, மதம் தொட்ட எதையும் மேடையில் செய்யக் கூடாது என்ற நிபந்தனைகள் எல்லாம் இருந்தன. கிறிஸ்துவத்தை வசைபாடும் குழு என்று பல ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனு பரவியது. நிகழ்ச்சியன்றே உரிமம் ரத்தானது. பெரும்பாலான கிறிஸ்துவர்களுக்கு அது ஆழமான புண்படுத்தலாக இருக்கும் என்று உள்துறை, சட்ட அமைச்சர் கா. சண்முகம் விளக்கினார். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் வெறுப்புப் பேச்சு பற்றி நீண்ட அறிக்கையும் அளித்தார். வாட்டைனின் வரிகள் எனக்கு உவப்பானவை அல்ல. அந்த இசையை நான் தேடிப் போக மாட்டேன். ஆனாலும் மனுவில் கையெழுத்திட்டவர்களும் போகப்போவதில்லை அல்லவா? போகாத ஒருவர் தம் மனம் புண்படுகிறது என்பதால் போகிற ஒருவரின் இரவு ரத்தாகலாம் என்ற முன்மாதிரி அன்று உருவாயிற்று. அதை நிறுவியது அரசு மட்டுமல்ல. கையெழுத்திட்ட அக்கம்பக்கத்தவரும் சேர்ந்துதான்.

ஹோங் லிம் பூங்காவில் 2000 செப்டம்பர் 1 அன்று ஸ்பீக்கர்ஸ் கார்னர் திறக்கப்பட்டது. குடிமக்கள் பதிவு செய்துவிட்டுப் பேசலாம், நிகழ்த்தலாம். இனத்தையும் மதத்தையும் தொடக் கூடாது. பூங்காவின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டம் வேறு. கலைஞர் சீலன் பாலே 2017 அக்டோபர் 1 அன்று அந்தக் கோட்டைத் தாண்டி நடந்தார். 32 ஆண்டுகள் காவலிலும் கட்டுப்பாடுகளிலும் வைக்கப்பட்ட சியா தை போவை நினைவுகூரும் நிகழ்த்துகலை அது. கையில் ஒரு கண்ணாடியோடு பூங்காவிலிருந்து தேசியக் கலைக்கூடத்துக்கும், பிறகு நாடாளுமன்ற வாசலுக்கும் போனார். அங்கே கைதானார். மறு ஆண்டு 2,500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் கட்ட மறுத்து இரண்டு வாரம் சிறை சென்றார். அவர் நடந்த வழியில் யாரும் கூச்சலிடவில்லை, யாரும் கல்லெறியவில்லை. பார்வையாளர் என்று சொல்லும்படி பெரிய கூட்டமும் இல்லை. விலையை அவரே கொடுத்தார். வேறெவரும் கொடுக்க நேரவில்லை. சிப்பாங்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

இசை மேடைக்கு நெருக்கமானது சுபாஸ் நாயரின் வழக்கு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் மின்னணுக் கட்டணச் சேவைக்கான விளம்பரம் ஒன்று வந்தது. சீன நடிகர் ஒருவர் நான்கு பாத்திரங்களாகத் தோன்றினார்; அதில் ஒரு பாத்திரத்துக்கு முகத்தைக் கறுப்பாக்கி 'கே. முத்துசாமி' என்று பெயர்ப் பட்டை குத்தியிருந்தார்கள். தேக்காவில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் கண்டதில்லை. ராப் பாடகர் சுபாஸும் நகைச்சுவைக் கலைஞரான சகோதரி பிரீத்தியும் பதிலடியாக ஒரு காணொளி போட்டார்கள். சீனர்களைக் குறித்த கெட்ட வார்த்தைகள் அதில் மிகுந்திருந்தன. புகார் போயிற்று. இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை தரப்பட்டது. விளம்பரம் போட்டவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்தக் காணொளியின் வசைகளை நான் ஆதரிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் தவற்றை ஓர் இனத்தின் மேல் போட்டது பிழை. ஆனால் அதற்குப் பின் நடந்தவை வேறு எடை கொண்டவை. ஆர்ச்சர்ட் டவர்ஸில் 2019இல் இந்தியர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் குற்றச்சாட்டுகள் குறைக்கப்பட்டதை, இனத்தோடு முடிச்சுப்போட்டு சுபாஸ் இணையத்தில் எழுதினார். 2021 மார்ச் 11 அன்று, ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் தி சப்ஸ்டேஷன் அரங்கில் தம் இசைத்தொகுப்பின் வெளியீட்டு நிகழ்ச்சியில் அந்தக் கருத்தைக் கேலிச்சித்திரமாகத் திரையில் காட்டினார். இவற்றையும் வேறு பதிவுகளையும் சேர்த்து, இனங்களுக்கும் மதங்களுக்கும் இடையே பகைமை வளர்க்க முயன்றதாக நான்கு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2023 செப்டம்பரில் ஆறு வாரச் சிறைத் தண்டனை. மேல்முறையீடு பலிக்காமல் 2025இல் அதை அனுபவித்தார். ஆர்ச்சர்ட் டவர்ஸ் வழக்கில் குற்றச்சாட்டுகள் மாறியதற்கு இனம் காரணமல்ல, சாட்சியங்களே காரணம் என்பது அரசுத் தரப்பின் பதில்.

தி சப்ஸ்டேஷன் முன்பு மின்நிலையமாக இருந்த கட்டடம். 1990இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் அதைக் கலை இல்லமாக்கினார். விசாரணையின்றி நான்காண்டு காவலில் இருந்து வந்த மனிதர் அவர். சின்ன அரங்காக இருந்தது. மேடையில் வியர்ப்பவரின் முகம் கடைசி வரிசைக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பாடகர் திரையில் ஒரு படத்தைக் காட்டுகிறார். அது தவறான ஒப்பீடு என்று நினைக்கும் ஒருவர் அங்கே இருந்திருந்தால் எழுந்து கேட்டிருக்கலாம்: தம்பி, அந்த வழக்கின் விவரம் உனக்கு முழுசாகத் தெரியுமா? பாடகர் பதில் சொல்லித் திணறியிருக்கலாம். அல்லது கேட்டவர் திணறியிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் நம் இன உறவு அன்று ஓரங்குலம் முன்னேறியிருக்கும். அந்த வாதத்தை நீதிமன்றம் தன் கையில் எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தது. அந்தப் பாடகர் எழுப்பிய கேள்விக்கோ பதிலுக்கோ சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் இன்றும் முறையான விவாதம் இல்லை, முணுமுணுப்புதான் இருக்கிறது.

இனப் பிரச்சினை என்றால் வெளியாள்தான் கோபப்படுவார் என்பதில்லை. நம்மவர்களே நம்மவரை வாயடைத்த கதை தமிழ் மேடையில் இருக்கிறது. 1998இல் இளங்கோவன் எழுதிய 'தலாக்' நாடகத்தை அக்னிக் கூத்து குழு தமிழில் அரங்கேற்றியது. ஒற்றைப் பெண் மேடையில் நின்று தன் மணவாழ்வைச் சொல்கிறாள். கணவனின் துரோகத்தை, படுக்கையறை வன்முறையைச் சொல்கிறாள். இந்திய முஸ்லிம் பெண்களின் அனுபவங்களிலிருந்து எழுந்த நாடகம். சமூகத்தின் ஒரு பகுதி கொதித்தது. நடித்தவருக்கு மிரட்டல் வந்தது. 2000இல் அதே நாடகத்தை ஆங்கிலத்திலும் மலாயிலும் போட முயன்றபோது சமய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, உரிமம் மறுக்கப்பட்டது. நாடக மையத்தில் ஒத்திகை பார்க்கப் போன குழுவின் தலைவர் எஸ். தேன்மொழி அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். இளங்கோவன் 1997இல் தென்கிழக்காசிய இலக்கிய விருது பெற்றவர். அவருடைய வேறு நாடகங்களுக்கும் பின்னாளில் அனுமதி மறுக்கப்பட்டது.

மார்க்கத்தை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று அன்று கோபப்பட்டவர்களின் மனவலி பொய்யல்ல. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கு, தம் வீட்டுக் குறையைப் பொது மேடையில் காட்டுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெண்ணின் வலி எங்கே போவது? மனைவியை வன்புணர்ந்த கணவனுக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் கொடுத்திருந்த விலக்கு 2020 ஜனவரி 1 முதல்தான் முழுதாக நீங்கியது. எல்லாச் சமயத்துக் கணவர்களுக்கும் இருந்த விலக்கு அது. 'தலாக்' மேடையில் பேசியதற்கும் சட்டம் அதைக் கேட்டதற்கும் இடையே 21 ஆண்டுகள். அந்த இடைவெளியில் எத்தனை பெண்கள் வாய்மூடி இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது, அன்றைய கூச்சலை என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை.

லிட்டில் இந்தியாவில் இசைக்கும் ஒழுங்குக்கும் நடுவே நீண்ட காலமாக இழுபடும் இன்னொன்று உறுமி மேளம். ராக் கச்சேரிக்கும் தைப்பூசத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கூட்டம், ஓசை, உரிமம், காவல்துறை என்ற நான்கும் இங்கேயும் இருக்கின்றன. குழுக்களுக்குள் மூண்ட அடிதடி காரணமாக 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் நேரடி இசைக்கருவிகள் தடுக்கப்பட்டன. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், காவடி சுமப்பவரின் கால்களுக்கு நேராகப் போய்ச் சேரும் ஓசை. அலகு குத்திக்கொண்டு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பவருக்கு அது அலங்காரமல்ல, ஊன்றுகோல். 2015 பிப்ரவரி 3 தைப்பூச நாளில், சிராங்கூன் ரோடும் டெஸ்கர் ரோடும் சந்திக்கும் இடத்தருகே மேளத்தை நிறுத்தச் சொன்னதில் தகராறு மூண்டு மூவர் கைதானார்கள். அதற்கு 14 மாதம் முன்புதான் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 2013 டிசம்பர் 8 கலவரம் நடந்திருந்தது; வட்டாரமே பதற்றத்தில் இருந்தது. தடையை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு தோற்றது.

ஆனால் இங்கே கதை வேறு விதமாகத் திரும்பியது. கருத்துக் கேட்டார்கள், இந்து அறக்கட்டளை வாரியமும் பக்தர்களும் பேசினார்கள். 2016 தைப்பூசத்தில் ஹேஸ்டிங்ஸ் ரோடு, ஷார்ட் ஸ்ட்ரீட், டோபி காட் கிரீன் என மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. பின்னர் அது மேலும் விரிந்தது. முழு ஊர்வலத்துக்கும் மேளம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இது போதாது, எனக்கும் போதவில்லை. ஆனாலும் 43 ஆண்டு மௌனத்தை முடித்தது, சாலையில் நின்று வாங்கிய அடியும் மேசையில் உட்கார்ந்து பேசிய பேச்சும் சேர்ந்துதான்.

தமிழருக்கு இந்தச் சண்டை புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்கு எதிராக 1950களில் கல்லும் முட்டையும் பறந்தன. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே அறிவித்துவிடுவார் என்பார்கள். அவரை அடக்கவென்றே 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடகக் கலைஞர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கிய விதிகளைச் செல்லாது என்றது. சிங்கப்பூரிலும் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் பழமைவாதிகளின் எதிர்ப்பில்தான் வேரூன்றின.

இன்றைய தமிழ் இசையிலும் அதே நிலைதான். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராக்கையும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடியபோது கூட்டம் கொண்டாடியது. அதே குழுவின் இசைவாணி ஐயப்பன் கோவிலில் பெண்கள் நுழைவைப் பற்றிப் பாடிய பாட்டுக்கு, ஆறு ஆண்டு கழித்து 2024இல் புகார்களும் வசைகளும் வந்தன. பாட்டு வந்தபோது கேட்டவர்கள் ஒரு கூட்டம், புகார் கொடுத்தவர்கள் வேறொரு கூட்டம். அரசு மதுக்கடையான டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன் 2015இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ஏ.ஆர். ரகுமான் தமிழ்ப் பாட்டு அதிகம் பாடினார் என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனதும், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வேறு வகை. அங்கே மேடையில் யாரும் அரசியல் பேசவில்லை. தமிழில் பாடியதே சிலருக்கு அரசியலாகிவிட்டது. நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று இன்று நாளை' என்று தமிழில்தான் இருந்தது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மூன்று வகைக் கோபம் தெரிகிறது. பாட்டுக் கேட்க வந்த இடத்தில் பிரசங்கமா என்ற கோபம் ஒன்று. அது ஊளையிடும், எழுந்து போகும், அடுத்த டிக்கெட்டை வாங்காது. அதில் தீங்கில்லை. பாடகர் விலையை எங்கள் தலையில் வைத்துவிட்டார் என்ற கோபம் அடுத்தது; சிப்பாங்கில் எழுந்தது அது, பாடகர்கள் காது கொடுக்க வேண்டியதும் அதுதான். நான் போகாத இடத்தில் எனக்குப் பிடிக்காதது நடக்கிறது என்ற கோபம் மூன்றாவது. சிங்கப்பூரில் சட்டத்தின் முழுப் பலமும் இந்த மூன்றாவதுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

வெளிப்படையான வன்முறைத் தூண்டுதலுக்கு விலக்கு கேட்கவில்லை. இன்னாரை அடி என்று மேடையில் சொல்பவரைப் பிடிக்கட்டும். மற்றபடி, தரம் விதித்து, நிகழ்ச்சி எதைப் பற்றியது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு, வயது பார்த்து உள்ளே விட்ட பிறகு, அங்கே போகாதவரின் புகாருக்கு உரிமத்தை ரத்து செய்யும் பலம் இருக்கக் கூடாது. இங்கே நாடகம் முடிந்ததும் பார்வையாளரோடு உரையாடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இசை நிகழ்ச்சிகளுக்கும் அதைக் கொண்டுவரலாம். தமிழ் மேடைகளுக்குத்தான் அது முதலில் வர வேண்டும் என்பேன். சங்கக் கூட்டங்களில் தலைவருக்கு மாலை போட்டுக் கலையும் நம் பழக்கத்தில், பாடியவரை நேருக்கு நேர் மறுத்துப் பேச ஒருவருக்கு மைக் கிடைப்பதே அரிது. ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கும்போதே கூட்டத்துக்கென்று ஒரு மைக் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். கச்சேரி முடிந்தபின் அரை மணி நேரம் அரங்கை வைத்துக்கொள்ளச் சமூக மன்றத்தோடு முன்கூட்டியே பேசிவிட வேண்டும். உரிம விண்ணப்பத்தில் அந்த அரை மணி நேரத்தையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே எழுதிவிடலாம்.